வீடு நிறையப் பொம்மை! விளையாடத்தான் மனமில்லை!

திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப முடியுமா? கூடக் குழந்தை இருந்தால் முடியவே முடியாது!

கிருத்திகை, மாசித் திருவிழா, கந்தர் சஷ்டி என்று கூட்டம் சேரும் நாட்களில் கோயிலைச் சுற்றிக் கடைகள் முளைத்துவிடும். தேங்காய், பழம், கற்பூரம் ஒரு பக்கம். பொம்மைகள் மறு பக்கம். சாவி கொடுத்தால் ஓடும் கார், பிளாஸ்டிக் துப்பாக்கி, பீப்பீ, பலூன், சோப்புக் குமிழி ஊதும் குழாய்.

"அது வேணும்!" என்று குழந்தை தரையில் உட்கார்ந்துகொள்ளும். அம்மா முறைப்பாள். அப்பா வேறு பக்கம் பார்ப்பார். ஆயா மட்டும் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுப்பார்.

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஒரு சக்கரம் கழன்றது. அப்புறம் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

கட்டிலுக்கு அடியில் அதற்குத் துணைக்கு ஆள் இல்லையா? நிறைய இருக்கிறது! கை இல்லாத பொம்மை, பாதி ரயில், மூடி இல்லாத சொப்பு, எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்றே தெரியாத கட்டைகள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர் என்று பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் புதிது புதிதாக வீடுகள் எழும்பியிருக்கின்றன. பல வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். "குழந்தையோடு இருக்க நேரமில்லையே" என்ற வருத்தம் இருக்கிறது. அந்த வருத்தம் பொம்மையாக மாறி வீட்டுக்கு வருகிறது. முன்பெல்லாம் கடைக்குப் போனால்தான் பொம்மை. இப்போது செல்போனில் விரலை வைத்தால் வாசலுக்கே பார்சல் வந்துவிடுகிறது.

இத்தனை இருந்தும் குழந்தை என்ன சொல்கிறது?

"அம்மா, எனக்கு விளையாட ஒண்ணுமே இல்லை!"

தாய்க்குக் கோபம் வருகிறது. கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குழந்தை பொய் சொல்லவில்லை!

நாலா? பதினாறா?

அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2018-ம் ஆண்டில் வெளிவந்தது.

ஒன்றரை வயது முதல் இரண்டரை வயது வரை உள்ள 36 குழந்தைகளை விளையாடவிட்டார்கள். ஒரு முறை அறையில் 4 பொம்மைகள் மட்டும் வைத்தார்கள். இன்னொரு முறை 16 பொம்மைகள் வைத்தார்கள்.

எப்போது குழந்தை நன்றாக விளையாடியது? 4 பொம்மைகள் இருந்தபோதுதான்!

ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தது. அதைப் பல விதமாக வைத்து விளையாடியது. 16 பொம்மைகள் இருந்தபோது ஒன்றைத் தொட்டது, விட்டது. இன்னொன்றைத் தொட்டது, விட்டது.

கல்யாணப் பந்தியில் இலை நிறையப் பலகாரம் வைத்தால் பெரியவர்களுக்கே கை எங்கே போவது என்று தெரிவதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

பூட்டிய அலமாரி

இந்த விஷயத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணி கண்டுபிடித்துவிட்டார். அவர் நமக்கு அந்நியரும் அல்ல. இதே கடற்கரையில், திருப்போரூருக்கு வடக்கே உள்ள அடையாற்றில், வந்து தங்கியவர்.

அவர்தான் மாண்டிசோரி அம்மையார். 1870-ல் இத்தாலியில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர்.

ரோம் நகரில் சான் லொரென்சோ என்று ஒரு பகுதி. ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விடுவார்கள். குழந்தைகள் தனியாக இருக்கும். சுவரில் கிறுக்கும்; படிக்கட்டைப் பாழாக்கும். கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். "இந்தக் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்" என்று அம்மையாரை அழைத்தார்கள். 1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி "குழந்தைகள் வீடு" திறக்கப்பட்டது.

சுவர் பாழாகக் கூடாது என்று தொடங்கிய காரியம் உலகம் பூராவும் பள்ளிக்கூடமாகப் பரவியது!

அங்கே விளையாட்டுச் சாமான்களை உயரமான அலமாரியில் வைத்துப் பூட்டுவது வழக்கம். ஆசிரியைதான் எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் தாமதமாகவும் வந்தார். வந்து பார்த்தால், குழந்தைகள் தாங்களே கதவைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

"திருட்டு! இவர்களைத் தண்டிக்க வேண்டும்" என்றார் ஆசிரியை.

அம்மையாருக்கு அப்படித் தோன்றவில்லை. எது எங்கே இருக்கிறது, தனக்கு எது வேண்டும் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது என்பதை அவர் கவனித்தார். உயரமான அலமாரி போயிற்று. குழந்தையின் கைக்கு எட்டும் குட்டை அலமாரி வந்தது.

எடுத்ததை எடுத்த இடத்திலேயே திரும்பவும் வைக்கக் குழந்தைகளுக்கு ஆசை இருக்கிறது என்பதையும் அவர் பார்த்தார். ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். யாரும் அடித்துச் சொல்லித்தரவில்லை.

42 தடவை!

அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. மரத்தில் குழி. அந்தக் குழிக்குள் பொருந்தும் சிறு சிறு மரக் கட்டைகள். எடுப்பாள், கலைப்பாள், மறுபடியும் பொருத்துவாள்.

அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் நின்று பாடச் சொன்னார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமீது வைத்தார்கள். கட்டைகளை மடியில் இடுக்கிக்கொண்டு அங்கேயும் அதே வேலை! எண்ணத் தொடங்கிய பிறகு மட்டும் 42 தடவை செய்து முடித்தாள். பிறகு தூங்கி எழுந்தவளைப் போல முகம் மலர்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

அந்தப் பள்ளிக்கு விலை உயர்ந்த பொம்மைகளும் வந்தன. அவற்றை யாரும் சீண்டவில்லை. அம்மையாரே உட்கார்ந்து விளையாடிக் காட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழந்தைகள் போய்விட்டார்கள்.

நம் ஊர்த் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. ஆயிரம் ரூபாய்ப் பொம்மையைத் தள்ளிவிட்டு, அது வந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து குழந்தை பஸ் ஓட்டுவதைப் பார்க்காத வீடு உண்டா?

அடையாற்றில் நடந்தது

1939-ம் ஆண்டு நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தார். அழைத்தவர்கள் அடையாறு பிரும்மஞான சபையார். சுமார் 300 பேர் அவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். சில மாதங்களில் திரும்பிவிடுவது என்று திட்டம்.

நடந்தது வேறு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலிக்காரர்கள் எல்லாரும் பிரிட்டிஷ் சர்க்காருக்குப் பகைவர்கள் ஆனார்கள். மரியோவைப் பிடித்துக்கொண்டு போய்க் காவல் முகாமில் வைத்தார்கள். அம்மையார் அடையாற்றுத் தோட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு.

ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு 70-வது பிறந்த நாள். அன்று சர்க்கார் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தது. மகனை விடுதலை செய்தது!

அதன் பிறகும் அவர் ஊர் திரும்ப முடியவில்லை. கொடைக்கானலில் சில ஆண்டுகள் இருந்தார். 1946-ல்தான் ஐரோப்பாவுக்குப் போனார். மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். குட்டை அலமாரியும், "ஒன்றை வைத்துவிட்டு மற்றதை எடு" என்ற பழக்கமும் நம் நாட்டில் பரவிய வழிகளில் இதுவும் ஒன்று.

கொலுவைப் பாருங்கள்

அடையாறு வரை போவானேன்? நம் வீட்டுப் பரணைப் பார்த்தாலே போதும்.

கொலு வைக்கும் வீடுகளில் பொம்மைகள் வருஷம் பூராவும் வெளியே கிடப்பதில்லை. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். நவராத்திரிக்குத்தான் பெட்டி கீழே இறங்கும். குழந்தைகள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். துணியைப் பிரிக்கப் பிரிக்க ஒரே கூச்சல்! "இது செட்டியார்! இது தசாவதாரம்!"

போன வருஷம் பார்த்த அதே செட்டியார்தான். ஆனால் ஒரு வருஷம் கண்ணில் படாமல் இருந்ததால் புதுச் செட்டியார்!

கொலு முடிந்ததும் மறுபடியும் துணி, பெட்டி, பரண். ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காலம் உண்டு. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வருஷத்துக்கு ஒரு பொம்மை வாங்கிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு ஒன்று! அதனால்தான் பாட்டி வாங்கியது பேத்தி கைக்கு முழுசாக வந்து சேருகிறது.

கொலு பொம்மைக்குச் செய்வதை விளையாட்டுப் பொம்மைக்கும் செய்தால் என்ன?

பாயை விரியுங்கள்

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் ஒரு பெரிய பாயை விரியுங்கள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மொட்டைமாடியில், தோட்டத்தில் கிடக்கும் பொம்மைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்தால்தான் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியும். அப்பாவுக்குத்தான் அதிர்ச்சி அதிகமாக இருக்கும். வாங்கி வந்தவர் அவர்தானே!

உடைந்து கூர்மையாக இருப்பது, சாயம் உதிர்வது, துரு ஏறியது, இவற்றை உடனே தனியாக எடுத்துவிடுங்கள். இதற்குக் குழந்தையிடம் அனுமதி வேண்டாம்.

மற்றதற்கு அனுமதி வேண்டும். நாலு வயது ஆன குழந்தையிடம் "எதைத் தூக்கிப் போடலாம்?" என்று கேட்டால் "எதையும் போடக் கூடாது!" என்று பாய்மேல் படுத்துக்கொள்ளும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "உனக்கு ரொம்பப் பிடிச்சது எது? எடுத்து வை, பார்க்கலாம்." குழந்தை ஆசையோடு எடுத்து வைக்கும். எடுக்காமல் விட்டது எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

எடுத்து வைத்ததில் ஆறோ ஏழோ குட்டை அலமாரிக்குப் போகட்டும். அலமாரி இல்லையா? இரண்டு பலகையும் நாலு செங்கல்லும் போதும். செங்கல் அசையக் கூடாது. அலமாரியாக இருந்தால் சுவரோடு ஆணி அடித்துப் பிணைத்துவிடுங்கள். குழந்தை அதில் ஏறிப் பார்க்காமல் இருக்காது.

மீதி எல்லாம் பெட்டிக்குள். பெட்டி பரண்மேல். அடுத்த கிருத்திகைக்குப் பெட்டியை இறக்கி மாற்றுங்கள். கிருத்திகை மாதா மாதம் வரும். காலண்டரில் குறித்திருப்பார்கள். மறக்காது.

சின்னச் சின்னச் சாமான்களுக்குப் பிஸ்கட் டப்பா, மூங்கில் கூடை, பனையோலைப் பெட்டி எது வேண்டுமானாலும் ஆகும். கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதோ அதன் படத்தை வெளியே ஒட்டுங்கள். படத்துக்குக் கீழே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். "கார்", "சொப்பு", "கட்டை". குழந்தை எழுத்துக் கற்றுக்கொள்ளும். வீட்டில் எழுத்துப் பழகும் பெரியவர்களும் கற்றுக்கொள்ளலாம்.

கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவது பெரிய தொல்லை. அதற்கு ஆயாவின் இடுப்பிலேயே வழி இருக்கிறது. சுருக்குப் பை! பழைய புடவையை வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, கயிறு கோத்துவிடுங்கள். விரித்தால் விளையாடும் விரிப்பு. கயிற்றை இழுத்தால் கட்டைகள் அத்தனையும் பைக்குள்!

எடுத்து வைக்க ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம் நல்லது. "போய் எடுத்து வை!" என்று அதட்டினால் நடக்காது. கூட உட்கார்ந்து நாலு சாமானை நீங்கள் வைத்தால் நாலு சாமானைக் குழந்தை வைக்கும்.

இதெல்லாம் அழகுக்காக மட்டும் அல்ல. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் ஆயா, சக்கரம் வைத்த கார்மேல் கால் வைத்தால் என்ன ஆகும்? வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

அழுக்குப் பொம்மை

ஒரே ஒரு பொம்மையைத் தொடாதீர்கள்.

எல்லாக் குழந்தைகளும் அல்ல; ஆனால் பல குழந்தைகளுக்கு அப்படி ஒன்று இருக்கும். காது பிய்ந்த கரடியோ, அம்மாவின் பழைய புடவைத் துண்டோ. அது கையில் இல்லாமல் தூக்கம் வராது. நாற்றம் அடிக்கும். பார்க்கச் சகிக்காது. சுத்தம் செய்யும் சாக்கில் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, "காக்கா தூக்கிப் போயிருச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்க முடியாது.

வினிகாட் என்பவர் லண்டனில் இருந்த குழந்தை மருத்துவர். 1951-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். அம்மா எப்போதும் பக்கத்தில் இருக்க முடியாது என்பதைக் குழந்தை மெல்ல மெல்லத் தெரிந்துகொள்கிறது. அந்தக் காலத்தில் அதற்குப் பிடிமானமாக இருப்பது இந்தத் துணியும் பொம்மையும்தான் என்றார். அதைத் துவைத்தால்கூடக் குழந்தைக்கு அது வேறு பொருளாகிவிடும் என்பதும், அதனால் தாய்மார்கள் அழுக்காக இருந்தாலும் விட்டுவிடுகிறார்கள் என்பதும் அவர் கவனித்தவை.

ஆகவே காலையில் அம்மா வேலைக்குப் பஸ் ஏறும் வீடுகளில் அந்தக் காது பிய்ந்த கரடிக்குத் தனி மரியாதை உண்டு. குழந்தை தானாக அதை மறக்கும் நாள் வரும். அதுவரை அது இருக்கட்டும்.

மற்றப் பொம்மைகளைக்கூடக் குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும்போது திருட்டுத்தனமாக எடுத்துவிடுவது சரியல்ல. ஒரு முறை ஏமாந்த குழந்தை அப்புறம் ஒவ்வொரு சாமானையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வீட்டைச் சுத்தம் செய்யவே விடாது.

ஆபத்தானவை

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். ஒன்றேகால் அங்குல அகலமுள்ள குழாய்க்குள் முழுசாக நுழையும் சாமான் எதுவும் அதன் கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கோலிக்குண்டு, பொம்மையின் கண், கழன்ற சக்கரம் எல்லாம் இதில் சேரும். அண்ணனின் சாமான்களும் தம்பியின் சாமான்களும் ஒரே கூடையில் கிடக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அதைவிட மோசமானது பொத்தான் போன்ற சின்ன பேட்டரி. விளக்கு எரியும் பொம்மைகளில் இருக்கும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொண்டையைப் புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாயில் கொட்டிப் பிரிக்கும்போது பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அந்தப் பொம்மை வேண்டாம்.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 2021-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் விளையாட்டுப் பொம்மைகளுக்கு இந்த முத்திரை கட்டாயம்.

தோட்டத்துப் பொம்மைகளையும் மறந்துவிடாதீர்கள். கடற்கரைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். கவிழாமல் கிடக்கும் சின்ன வாளியில், உடைந்த லாரியில் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீர் தாராளம். பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும்.

தானாகப் போய்விடும் பொம்மை

திருப்போரூர் முருகன் திருவுருவத்தைச் சிதம்பர சுவாமிகள் பனங்காட்டில் கண்டெடுத்தார் என்பது தல வரலாறு. இந்தப் பக்கம் பனை அவ்வளவு இருந்த இடம்.

பனை இருந்தால் பொம்மைக்குப் பஞ்சமில்லை. நுங்கு எடுத்த குடுக்கை இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவட்டைக் கழி. வண்டி தயார்! ஓலையைக் கிழித்துக் கருவேல முள்ளைக் குத்தினால் காத்தாடி. முடைந்தால் கிலுகிலுப்பை, பாம்பு, பெட்டி.

இவற்றை வைக்க அலமாரி வேண்டியதில்லை. நுங்குக் காலம் முடிந்தால் வண்டியும் முடிந்தது. காய்ந்த ஓலை அடுப்புக்குப் போகும். வீட்டில் ஒன்றும் தங்காது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பிள்ளைக்கு என்ன விளையாட்டு வைத்தார்கள்? பெண்கள் கட்டிய மணல் வீட்டைக் கலைப்பது, சிறு பறை கொட்டுவது, சிறு தேர் உருட்டுவது. அவ்வளவுதான். முருகப்பெருமானைக் குழந்தையாக்கிப் பாடியபோதும் அவருக்கு ஒரு பறையும் ஒரு தேரும்தான் கிடைத்தன. மணல் இலவசம்!

கெட்டியாக நிற்க வேண்டும் என்றால் மரப்பாச்சி இருக்கிறது. செம்மரத்தில் செதுக்கியது. அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு இருக்கிறது. உருட்டினாலும் கடித்தாலும் தாங்கும். ஒரு மரச் சொப்புச் செட்டின் விலை, திருவிழாக் கடைப் பிளாஸ்டிக் சொப்பைவிட அதிகம்தான். ஆனால் பிளாஸ்டிக் சொப்பு எத்தனை முறை வாங்குகிறோம் என்று கணக்குப் போட்டால் தெரியும்.

யாருக்குக் கொடுப்பது?

நன்றாக இருந்தும் குழந்தைக்குத் தேவைப்படாத சாமான்கள் மிச்சம் இருக்கும். அங்கன்வாடி இல்லாத ஊர் அநேகமாக இல்லை. 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் நடப்பவை அவை. அங்கே உள்ள ஆசிரியையிடம் முதலில் கேளுங்கள். "என்ன வயதுக் குழந்தைகள் இருக்கிறார்கள்? எது வேண்டும்?" அவர் சொல்வதை மட்டும் கொண்டுபோங்கள்.

உடைந்ததைக் கொடுக்கக் கூடாது. பாதி கட்டை தொலைந்ததைக் கொடுக்கக் கூடாது. உங்கள் குழந்தைக்கு ஆகாதது இன்னொரு குழந்தைக்கு எப்படி ஆகும்? சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, எல்லாத் துண்டுகளையும் எண்ணி ஒரே பைக்குள் போட்டுக் கட்டுங்கள்.

பையைக் குழந்தையிடமே கொடுத்து அனுப்புங்கள். கொடுக்கிற நேரத்தில், "இந்த யானை மட்டும் வேண்டாம்மா" என்று அது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

யானையைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வாருங்கள். அடுத்த கிருத்திகைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.